கர்தினால் மெசோபாந்தி: பன்மொழிப் புலமையின் அளவும் பயனும்

முன்னுரை

பன்மொழிப் புலவர் என்னும் பட்டத்தைத் தமிழுலகம் அறிஞர் சிலர்க்கு வழங்கிச் சிறப்பித்துள்ளது. அப்பட்டத்தின் பொருளை ஆராயப் புகுவார்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரு மொழியை 'அறிதல்' என்பது எதனைக் குறிக்கும்? பேசுதலையா, படித்துப் பொருள் கொள்ளுதலையா, இலக்கணம் உணர்தலையா, அன்றி அம்மொழியில் நூல் யாத்தலையா? இவற்றுள் ஒன்று மட்டும் கைவரப்பெற்றவரை அம்மொழி அறிந்தார் எனலாமா? அவர் அறிந்தார் என்பதற்குச் சான்று யாது? அவ்வறிவால் பிறர்க்கு விளைந்த பயன் யாது?

இவ்வினாக்களுக்கு விடை காண விழைவார்க்குப் பெரிதும் துணைசெய்வது கர்தினால் ஜுசேப்பே மெசோபாந்தியின் (1774-1849) வரலாறாகும். இத்தாலி நாட்டிற் பிறந்த இவர், ஏழைத் தச்சர் ஒருவரின் மைந்தர். கத்தோலிக்கத் திருச்சபையிற் பாப்பரசர்க்கு அடுத்த நிலையிலுள்ள கர்தினால் பதவி எய்தியவர். வத்திக்கான் நூலகத்தின் தலைமைக் காப்பாளராக விளங்கியவர். எழுபதுக்கு மேற்பட்ட மொழிகளை அறிந்தவர் என்று ஐரோப்பா முழுவதும் பேசப்பெற்றவர். எனினும் தம் பெயரால் அவர் அச்சிட்டு வெளியிட்டது சிறியதொரு புகழுரை மட்டுமே.

அவரைப் பற்றிய வியப்புரைகள் பல, ஆராய்ச்சியுரைகள் சில. வியப்பை ஒருபுறம் நிறுத்தி, அவர் மொழியறிவு எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு அளக்கப்பெற்றது, எதனை விட்டுச்சென்றது என்னும் மூன்றனையும் முறையே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் கல்வியும்

மெசோபாந்தி 1774ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் வட இத்தாலியிலுள்ள பொலோஞா நகரிற் பிறந்தார். அந்நகர் அன்று பாப்பரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகங்களுள் ஒன்றை உடையது. தந்தையார் பிரான்செஸ்கோ தச்சுத் தொழிலர். மைந்தனும் அத்தொழிலையே மேற்கொள்ள வேண்டும் என்று அவர் எண்ணியிருந்தார். பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்த சிறுவன், அருகில் முதிய குரு ஒருவர் பிறர்க்குக் கற்பித்த இலத்தீன், கிரேக்கப் பாடங்களைச் செவிவழியாகவே கற்றுக்கொண்டான் என்றும், அதனை அறிந்த குரு அவனைக் கல்விக்கு ஆற்றுப்படுத்தினார் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. பெருமக்களின் இளமை பற்றி எழும் இத்தகைய கதைகளை முற்றும் கொள்ளுதலும் முற்றும் தள்ளுதலும் வேண்டா. செவியே அவருடைய முதற் கருவியாக இருந்தது என்பதனைப் பிற்கால நிகழ்ச்சிகளும் உறுதிப்படுத்துகின்றன.

அவர் பிறந்த காலமும் இடமும் இங்குக் கருதற்பாலன. 1767இல் இசுபானிய மன்னர் தம் நாட்டினின்றும் அமெரிக்கக் குடியேற்றங்களினின்றும் இயேசு சபைத் துறவியரை வெளியேற்றினார். 1773இல் பாப்பரசரே அச்சபையைக் கலைத்தார். நாடிழந்த துறவியர் பலர் பொலோஞாவிலும் அதனைச் சூழ்ந்த நகரங்களிலும் குடியேறினர். மெக்சிகோ, பெரு, சிலி, பிலிப்பைன்சு முதலிய நாடுகளில் நெடுங்காலம் வாழ்ந்து, ஆங்குள்ள மக்களின் மொழிகளிற் பேசிப் பழகியவர் பலர் அவர்களிடையே இருந்தனர். இவ்வாறு, அரசியல் ஆணை ஒன்றன் விளைவாக, உலகின் தொலைதூர மொழிகள் இத்தாலிய நகரொன்றின் தெருக்களில் வந்து தங்கின. ஓராண்டு கழித்துப் பிறந்த மெசோபாந்திக்கு அவை எளிதில் எட்டும் பொருளாயின. அவருடைய கிரேக்க ஆசிரியராகிய இம்மானுவேல் அப்போந்தே இவ்வாறு வந்து தங்கிய இசுபானியத் துறவியே ஆவார்.

இதே மூலத்திலிருந்து மற்றோர் அறிஞரும் பயன்கொண்டார். லொரென்சோ எர்வாசு என்னும் இயேசு சபைத் துறவி, தம்மைப் போன்று நாடுகடத்தப்பெற்றோரிடம் கேட்டறிந்த மொழிச் செய்திகளையெல்லாம் தொகுத்து, 1780களில் இத்தாலியில் உலகமொழிகளின் அட்டவணை ஒன்றை வெளியிட்டார். பின்னர் அதனை விரிவாக்கி, 1800 முதல் 1805 வரை ஆறு தொகுதிகளாக இசுபானிய மொழியில் வெளியிட்டார். எர்வாசு கேட்டதை எழுதினார். மெசோபாந்தி கேட்டதைப் பேசினார். இவ்விருவரின் வேறுபாடு பின்னர் வரும் ஆய்வுக்கு இன்றியமையாதது.

சூளுரை மறுப்பும் மருத்துவமனைப் பணியும்

1797ஆம் ஆண்டு செப்டம்பரில் மெசோபாந்தி குருப்பட்டம் பெற்றார். அவ்வாண்டின் இறுதியிற் பொலோஞாப் பல்கலைக்கழகத்தில் அரபுமொழிப் பேராசிரியரானார். அப்பொழுது அவர்க்கு அகவை 23. ஆயினும் அப்பதவி நீடிக்கவில்லை. நெப்போலியனின் படை வட இத்தாலியைக் கைப்பற்றி, பொலோஞாவையும் உள்ளடக்கிச் சிசால்பைன் குடியரசு என்னும் புதிய ஆட்சியை நிறுவியிருந்தது. அரசின் ஊதியம் பெறுவோர் அனைவரும் அவ்வாட்சிக்குச் சூளுரை செய்தல் வேண்டும் எனக் கட்டளை பிறந்தது. பாப்பரசரின் குடியாகவும் குருவாகவும் இருந்த மெசோபாந்தி அதனை மறுத்தார், பதவியை இழந்தார். கிரேக்கமொழிப் பேராசிரியையாக விளங்கிய குளோத்தில்தே தம்பிரோனியும் இதே காரணத்தால் தம் பதவியை இழந்தார்.

வருவாயற்ற இளங்குருவின் மேல் பெற்றோரையும் தமக்கையின் மக்களையும் காக்கும் பொறுப்பு இருந்தது. செல்வர் இல்லங்களுக்குச் சென்று மாணவர்க்குப் பாடஞ்சொல்லிப் பொருளீட்டினார். ஆனால் அவரை மொழிவல்லுநர் ஆக்கியது அத்தொழில் அன்று. அக்காலப் போர்களிற் காயமுற்ற வீரர்கள் பொலோஞாவின் மருத்துவமனைகளை நிறைத்தனர். ஆத்திரியப் பேரரசின் படையில் செருமானியர், அங்கேரியர், பொகீமியர், போலந்தர், சுலாவியர் எனப் பல இனத்தவர் இருந்தனர். மரணத் தறுவாயில் இருந்த கத்தோலிக்க வீரர்க்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு வேண்டும். அவ்வீரரின் மொழியோ குருவிற்குத் தெரியாது. இவ்விடையூற்றை நீக்கவே மெசோபாந்தி அம்மொழிகளைக் கற்கத் தொடங்கினார்.

அவர் கற்ற முறையைப் பற்றி அவரே பின்னாளிற் கூறிய செய்திகள் உள. நோயாளியின் மொழியில் தம் கருத்தை விளக்குமளவு தெரிந்தவுடன் படுக்கையருகே சென்றுவிடுவார்; அதற்கு மேற்பட்ட அறிவைப் பேச்சினூடே பெறுவார். எல்லாக் கத்தோலிக்கரும் மனப்பாடமாக அறிந்த மன்றாட்டுகளை நோயாளியின் வாயாற் சொல்லச் செய்வார். பொருள் முன்னரே தெரிந்த தொடர்களாதலின், அவற்றினின்று சொற்களையும் உருபுகளையும் பிரித்தறிதல் எளிதாயிற்று. தெரிந்த பொருளிலிருந்து தெரியாத வடிவத்திற்குச் செல்லும் இம்முறை, பின்னாளில் மொழி சேகரிப்போர் கையாண்ட முறைகளோடு ஒப்புநோக்கத்தக்கது. நகருக்கு அயல்நாட்டார் எவரேனும் வந்தால் விடுதி நடத்துவோர் அவர்க்குச் செய்தி விடுப்பர் என்றும், அவர் உடனே சென்று உரையாடுவார் என்றும் அறிகின்றோம்.

மெசோபாந்தியின் பன்மொழியறிவு ஆராய்ச்சி வேட்கையிற் பிறந்ததன்று. குருவின் கடமையிற் பிறந்தது என்பது இதனாற் பெறப்படும். அவர்க்கு ஒவ்வொரு மொழியும் ஒரு மனிதனுடைய இறுதி வேளையாகவே முதலில் எதிர்ப்பட்டது. இதனை மனத்திற் கொள்ளாது அவரை அளக்கப் புகுவார் பிழைபடுவர் என்பது எம் கருத்து.

பொலோஞாவில் நூலகப் பணி

1803இல் பொலோஞாவின் அறிவியற் கழக நூலகத்தில் துணை நூலகராக மெசோபாந்தி அமர்த்தப்பெற்றார். தொடர்ந்து கீழைமொழிப் பேராசிரியர் பதவியும் மீண்டும் கிடைத்தது. 1808இல் அத்துறையே நீக்கப்பெற்றமையால் அதனை மறுபடியும் இழந்தார். நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின் 1814இல் அது மூன்றாம் முறையாக அவர்க்கு வந்து சேர்ந்தது. 1815இற் பல்கலைக்கழக நூலகத்தின் தலைமை எய்தினார். இவ்வாறு ஆட்சி மாறுந்தோறும் நிலை மாறியபோதும் அவர் நகரைவிட்டு நீங்கவில்லை. பாரிசு, வியன்னா, உரோமாபுரி ஆகிய இடங்களினின்று வந்த அழைப்புகளையெல்லாம் அவர் ஏற்றுக்கொள்ளாது விடுத்தார்.

இக்காலத்தில் அவர் புகழ் நாடு கடந்து பரவிற்று. இத்தாலிக்குச் செல்லும் அறிஞரும் செல்வரும் பொலோஞாவில் தங்கி அவரைக் கண்டு பேசுதலை ஒரு கடமையாகக் கொண்டனர். ஆங்கிலக் கவிஞர் பைரன் அவரைக் கண்டு, தாம் பல மொழிகளிலும் அறிந்திருந்த வசைச்சொற்களையெல்லாம் சொல்லிச் சோதித்துப் பார்த்துத் தாமே வியப்புற்றதாக எழுதியுள்ளார். பைரனின் கூற்றில் நகைச்சுவை மிகுதி; சான்றின் வலிமை குறைவு.

இதனினும் வலிய சான்று வானியலறிஞர் சாக் பிரபுவினுடையது. 1820ஆம் ஆண்டு செப்டம்பரில் நிகழ்ந்த கதிரவன் மறைப்பைக் காணும்பொருட்டு அவர் பொலோஞா சென்றிருந்தார். அங்கேரியிற் பிறந்த அவரை மெசோபாந்தி அங்கேரிய மொழியிலேயே வரவேற்றார். பின்னர்ச் செருமானிய மொழியின் வட்டார வழக்குகள் சிலவற்றை மாற்றி மாற்றிப் பேசினார். உடனிருந்த ஆங்கிலேயரோடு ஆங்கிலத்திலும், உருசியப் பெருமகனோடு உருசிய மொழியிலும் போலந்து மொழியிலும் உரையாடினார். சாக் தாமறிந்த மொழியிலேயே சோதித்தவர். நிகழ்ந்ததைத் தம் வானியல் இதழில் அக்காலத்திலேயே அச்சிட்டவர். ஆதலின் அவர் கூற்று ஏற்கத்தக்கது.

உரோமாபுரியில்

1831இல் பாப்பரசரின் ஆட்சியை எதிர்த்துப் பொலோஞாவிற் கிளர்ச்சி எழுந்து அடங்கிற்று. நகரத்தாரின் சார்பிற் பாப்பரசர் பதினாறாம் கிரகோரியாரைக் காணச் சென்ற தூதுக்குழுவில் மெசோபாந்தியும் ஒருவராயிருந்தார். பாப்பரசர் அவரை உரோமாபுரியிலேயே தங்குமாறு வற்புறுத்தினார். முன்னர் எவ்வழைப்பிற்கும் இணங்காத அவர், 57ஆம் அகவையில் இதற்கு இணங்கினார்.

இணங்கியதற்குத் தக்க காரணம் அந்நகரிலேயே இருந்தது. மறைபரப்புப் பேராயத்தின் பொறுப்பில், 1627இல் எட்டாம் உர்பன் நிறுவிய உர்பன் கல்லூரி ஆங்கு உள்ளது. ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா ஆகிய நிலப்பகுதிகளிலிருந்து குருப்பட்டத்திற்குப் பயிலும் இளைஞர் அதன்கண் ஒருங்கே வாழ்ந்தனர். ஆண்டுதோறும் மூவிராசர் திருநாளையொட்டி மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழியிற் செய்யுள் ஓதும் பன்மொழி அரங்கு ஒன்று அங்கு நிகழ்வது வழக்கம். மெசோபாந்தி அவ்வரங்கிற்கு வழிகாட்டியானார். மாணவர் ஓதும் செய்யுட்களைத் திருத்தியும் இயற்றியும் உதவினார். இளமையில் மருத்துவமனை எவ்வாறு அவர்க்குப் பள்ளியாயிற்றோ, அவ்வாறே முதுமையில் இக்கல்லூரி பள்ளியாயிற்று. அவர் மாலைப்பொழுதுகளை அம்மாணவரிடையே கழித்தார்.

சீனமொழி கற்பதற்காக அவர் நேப்பிள்சு நகரத்திற்குச் சென்றார். சீன இளைஞர்க்கெனவே 1732இல் நிறுவப்பெற்ற கல்லூரி அங்கு இருந்தது. கற்கத் தொடங்கிய சின்னாளிற் கடுங்காய்ச்சல் கண்டு படுத்தார். அந்நோயில் அவர் அறிந்த மொழிகளெல்லாம் ஒன்றோடொன்று குழம்பி நினைவினின்று நீங்கின என்றும், நலமுற்ற பின் மீண்டன என்றும் கூறுவர். பின்னர்ச் சீன மாணவர் சிலர் உரோமாபுரிக்கே வரவழைக்கப்பெற்றமையால் அவர் கல்வி தடையின்றித் தொடர்ந்தது.

1833இல் வத்திக்கான் நூலகத்தின் தலைமைக் காப்பாளரானார். பழஞ்சுவடிகளில் மறைந்துகிடந்த நூல்கள் பலவற்றை வெளிக்கொணர்ந்த ஆஞ்செலோ மாய் என்பவர் அவர்க்கு முன் அப்பதவியில் இருந்தவர். 1838ஆம் ஆண்டு பிப்ரவரியில் இருவருமே கர்தினால்களாக உயர்த்தப்பெற்றனர். மெசோபாந்திக்கு உரிய திருக்கோயிலாகக் குறிக்கப்பெற்றது உரோமாபுரியிலுள்ள சாந்த் ஒனோப்ரியோ. இத்தாலியப் பெருங்கவிஞர் தாசோ அடக்கமாகியுள்ள இடம் அது. கர்தினாலான பின்னும் அவருடைய எளிமை குன்றவில்லை. தம்மை ஒழுங்காகக் கட்டப்பெறாத அகராதி என்று அவர் கூறிக்கொண்டதாக ஒரு செய்தி வழங்குகின்றது.

1846இல் ஒன்பதாம் பத்திநாதரைப் பாப்பரசராகத் தேர்ந்த அவையில் மெசோபாந்தியும் அமர்ந்திருந்தார். ஈராண்டிற்குப் பின் உரோமாபுரியிற் புரட்சி மூண்டது. பாப்பரசர் 1848 நவம்பரிற் கயேத்தா நகருக்குத் தப்பிச்சென்றார். 1849 பிப்ரவரியிற் குடியரசு அறிவிக்கப்பெற்றது. முதுமையும் நோயும் உற்றிருந்த மெசோபாந்தி நகரிலேயே தங்கி, 1849 மார்ச்சு 15ஆம் நாள் இயற்கை எய்தினார். தமக்குரிய சாந்த் ஒனோப்ரியோவிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

எத்தனை மொழிகள்?

இனி, அவர் அறிந்த மொழிகளின் தொகையை ஆராய்வோம். அவர் வாழ்ந்த காலத்திலேயே இத்தொகை ஒருவர்க்கொருவர் மாறுபட்டது. சாக் 32 என்றார்; பின்வந்தோர் அதனை இருமடங்காகவும் அதற்கு மேலும் உயர்த்தினர். மொழியையும் அதன் கிளைவழக்கையும் வேறுபடுத்தாது எண்ணியதும், ஒருவர் எழுதியதை மற்றவர் பெருக்கி எழுதியதும் இம்மாறுபாட்டிற்குக் காரணங்கள். பாபேல் கோபுரத்தின் வீழ்ச்சியில் மொழிகள் 72 ஆகப் பிரிந்தன என்னும் பழைய நம்பிக்கை ஐரோப்பாவில் இருந்ததனையும் ஈண்டு நினைவுகூரலாம். மக்கள் எதிர்பார்த்த எண் அவரையும் வந்து பற்றிக்கொண்டதுபோலும்!

முதன்முதலில் ஐயம் எழுப்பி ஆராய்ந்தவர் இலண்டன் பிரித்தானியப் பொருட்காட்சிச் சாலை நூலகத்தைச் சேர்ந்த தாமசு வாட்சு என்பவர். அவர் 1852இல் மொழியியற் கழகத்தில் இது குறித்துக் கட்டுரை படித்தார். அதன்பின் அயர்லாந்திலுள்ள மேனூத்துக் கல்லூரியின் தலைவர் சார்லசு வில்லியம் ரசல் 1858இல் மெசோபாந்தியின் வாழ்க்கை வரலாற்றை விரிவாக எழுதினார். ரசல் கர்தினாலை நேரிற் கண்டு பழகியவர், அவர்பால் பெருமதிப்புடையவர். எனினும் அவருடைய நூல் வெறும் புகழ்மாலையன்று. கர்தினாலோடு உரையாடியவர்களைத் தேடி, யார், எந்த மொழியில், எவ்வளவு நேரம் பேசினார், அம்மொழி அவர்க்குத் தாய்மொழியா என்பனவற்றைக் கேட்டறிந்து, அவர் அச்சான்றுகளைத் தொகுத்தார்.

அச்சான்றுகளின்மேல் ரசல் அமைத்த பாகுபாடே நம் கருத்திற்கு உரியது. அவர் மொழிகளை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார். பலராற் பலமுறை சோதிக்கப்பெற்று, மிகச் சிறப்பாகப் பேசினார் என நிறுவப்பெற்றவை 30. சரளமாகப் பேசினார் எனக் கூறப்பெற்றும், போதிய சோதனை இல்லாதவை 9. அருகியும் அத்துணைத் திறமின்றியும் பேசப்பெற்றவை 11. சில தொடர்களளவில் நின்றவை 8. நூல்வாயிலாக மட்டும் கற்றவை 14. இவற்றின் கூட்டுத்தொகையே 72.

முதல் வகுப்பில் எபிரேயம், அரபு, பாரசீகம், துருக்கி, அர்மீனியம், கிரேக்கம், செருமானியம், ஆங்கிலம், உருசியம், போலந்து, அங்கேரியம், சீனம் முதலியன அடங்கும். இந்திய மொழிகளுள் இந்துத்தானியும் குசராத்தியும் இரண்டாம் வகுப்பிலும், வடமொழி ஐந்தாம் வகுப்பிலும் இடம்பெற்றன. வடமொழியையும் அங்கேரியத்தையும் அவர் 'அறிந்தார்' என ஒரே வினைமுற்றாற் கூறுதல் எத்துணைப் பொருந்தாது என்பது இதனால் விளங்கும். 72 என்பது ஓரினப் பொருள்களின் எண்ணன்று; தம்முள் வேறுபட்ட ஐந்து குவியல்களின் கூட்டு. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வகுப்பை விட்டுவிட்டவர்களே வியப்பை வளர்த்தனர்.

ரசலின் சான்றுகளுக்கும் வரையறை உண்டு. கர்தினாலோடு பேசியவருள் பலர் சிறிதுபொழுதே பேசினர். முகமனும் நலம் உசாவலும் நாட்டைப் பற்றிய சில வினாக்களுமே அவ்வுரையாடல்களிற் பெரும்பகுதி. பேச்சின் போக்கை அமைத்தவரும் பெரும்பாலும் கர்தினாலே. பெரும்பதவியிலுள்ள ஒருவர் தம் தாய்மொழியிற் பேசக் கேட்ட மகிழ்ச்சியிற் பிழைகளைப் பொருட்படுத்தாதாரும் இருந்திருப்பர். மரணதண்டனை பெற்ற அயல்நாட்டார் இருவரின் மொழியை ஒரே இரவிற் கற்று, விடியலில் அவர்தம் பாவசங்கீர்த்தனம் கேட்டார் என்னும் செய்தியை, அவருடைய தொண்டுள்ளத்திற்கு எழுந்த புனைவாகக் கொள்வதே தகும். இவற்றையெல்லாம் கழித்தபின்னும், முதல் வகுப்பிலுள்ள முப்பதிற் பெரும்பாலானவற்றை மறுத்தற்கு இடமில்லை. தாய்மொழியாளர் பலர், ஒருவரையொருவர் அறியாதார், வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே தீர்ப்பைக் கூறியுள்ளனர். மைக்கேல் எரார்டு என்னும் அமெரிக்க எழுத்தாளர் பொலோஞாவிற்குச் சென்று மெசோபாந்தியின் தாள்களை நேரிற் கண்டு 2012இல் ஒரு நூல் வெளியிட்டார். சொற்கள் எழுதப்பெற்ற சிறு சீட்டுக் கட்டுகள் அத்தாள்களிடையே உள்ளன. வியப்பிற்குரியவர் என்று போற்றப்பெற்றவரும் நம் மாணவரைப் போலவே சீட்டெழுதி மனப்பாடம் செய்தவரே என்பதனை அவை காட்டுகின்றன.

எழுதாப் புலமை

மெசோபாந்தி வாழ்ந்த காலம் ஒப்பியல் மொழிநூல் தோன்றி வளர்ந்த காலமாகும். செருமானிய அறிஞர் பாப்பு தம் முதல் ஒப்பியல் நூலை வெளியிட்டது 1816இல். அதே ஆண்டிலேயே, தென்னிந்திய மொழிகள் வடமொழியினின்று பிறந்தன அல்ல, தமக்குள் ஓரினமானவை என்பதனை எல்லிசு, காம்பலின் தெலுங்கு இலக்கணத்திற்கு எழுதிய குறிப்பிற் சென்னையிலிருந்து புலப்படுத்தினார். கிரிம்மின் ஒலிமாற்ற விதி 1822இல் வெளிவந்தது. ரசலின் நூலுக்கு ஈராண்டு முன்னர், 1856இல், கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது.

இவ்வறிஞருள் எவரும் மெசோபாந்தியைப்போல் முப்பது மொழி பேசியவரல்லர். ஆயினும் மொழிகளின் உறவை நிறுவியவர் அவர்களே. மெசோபாந்தி அச்சிட்டது, தம் ஆசிரியர் அப்போந்தேயைப் புகழ்ந்து 1820இல் வெளியிட்ட உரை ஒன்றே. இதுபற்றி அவரைக் குறைகூறியோர் அக்காலத்திலேயே இருந்தனர். பல மொழியறிந்தும் எம்மொழியிலும் புதியது ஒன்று கூறாதவர் என்றனர்.

இக்குற்றச்சாட்டை யாம் ஒருபகுதியளவிலேயே ஏற்கின்றோம். மொழியைப் பேசும் ஆற்றலும் மொழியை ஆராயும் ஆற்றலும் வேறு வேறு. ஒன்று உடையார்க்கு மற்றொன்றும் இருத்தல் வேண்டும் என்னும் விதி இல்லை. குருவாகிய அவர்க்கு மொழி கருவியாகவே இருந்தது. நோயாளியின் பாவசங்கீர்த்தனம் நூலாவதற்குரியதன்று. அது வெளியிடப்படவும் கூடாதது. அவர் உழைப்பின் பெரும்பகுதி இவ்வாறு இயல்பாகவே சுவடின்றி மறைதற்குரியதாயிற்று. எனினும் மற்றொரு பகுதியில் குறை உண்டு. அப்போந்தேயைப் போன்ற முதியோரிடமும் உர்பன் கல்லூரி மாணவரிடமும் அவர் கேட்டறிந்த அரிய மொழிச் செய்திகளை எர்வாசைப்போல் எழுதி வெளியிட்டிருப்பின், இன்று வழக்கிழந்த மொழிகள் சிலவற்றுக்கேனும் அது பெருந்துணையாகியிருக்கும். அவர் நாவோடு அவையும் போயின.

பாப்லோ தாக் எழுதிய ஏடுகள்

போகாது எஞ்சிய ஒன்று உண்டு. அது மெசோபாந்தி எழுதியதன்று. அவர்பொருட்டு இளைஞர் ஒருவர் எழுதியது.

வட அமெரிக்காவின் மேலைக் கடற்கரையிலுள்ள கலிபோர்னியாவில் சான் லூயி ரே என்னும் இடத்தில் 1798இல் பிரான்சிசுக்கன் துறவியர் ஒரு மறைப்பணி நிலையத்தை நிறுவினர். அதனைச் சூழ்ந்து வாழ்ந்த முதுகுடி மக்களை இசுபானியர் லூயிசேஞோ என வழங்கினர். அம்மக்களுள் 1820களின் தொடக்கத்திற் பிறந்தவர் பாப்லோ தாக். நிலையத்தின் தலைவராகிய பெய்ரி அடிகள் அவரையும் அகாப்பித்தோ என்னும் மற்றோர் இளைஞரையும் அழைத்துக்கொண்டு மெக்சிகோ வழியே ஐரோப்பாவை அடைந்தார். 1834இல் இருவரும் உர்பன் கல்லூரியிற் சேர்க்கப்பெற்றனர். அகாப்பித்தோ 1837இல் இறந்தார். தாக் 1841இல், இருபது அகவையளவில், உரோமாபுரியிலேயே நோயால் இறந்தார். இருவரும் தம் நாட்டை மீண்டும் காணவில்லை.

கல்லூரியில் இருந்தபோது மெசோபாந்தியின் தூண்டுதலால் தாக் தம் தாய்மொழியின் இலக்கணம் ஒன்றையும், முடிவுறாத அகராதி ஒன்றையும் எழுதினார். இசுபானியர் வந்தபின் தம் மக்களின் வாழ்வு எவ்வாறு அமைந்தது என்பதனையும், அவர்தம் ஆடல், பந்தாட்டம் முதலியவற்றையும் இசுபானிய மொழியில் உரைநடையாக எழுதிவைத்தார். கலிபோர்னிய முதுகுடியைச் சேர்ந்த ஒருவர் தம் மக்களையும் மொழியையும் பற்றித் தாமே எழுதிய மிகப் பழைய நூல்கள் இவை. இவ்வேடுகள் மெசோபாந்தியின் தாள்களோடு பொலோஞாவின் ஆர்க்கிஜின்னாசியோ நூலகத்தைச் சேர்ந்தன. இத்தாலிய மொழியியலறிஞர் கார்லோ தாலியாவினி 1926இலும் 1930இலும் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். 1952இல் வரலாற்றுப் பகுதி ஆங்கிலத்திற் பெயர்க்கப்பெற்றது. 2011இல் லிசுபெத்து ஆசு என்னும் வரலாற்றறிஞர் தாக்கின் எழுத்துகளைத் தனி நூலாகப் பதிப்பித்தார்.

ரசலின் பட்டியலிற் கலிபோர்னிய மொழி இரண்டாம் வகுப்பில், அஃதாவது போதிய சோதனை பெறாதவற்றுள் வைக்கப்பெற்றுள்ளது. அதன் காரணம் இப்பொழுது விளங்கும். அம்மொழியிற் சான்று கூறத்தக்கவராக உரோமாபுரியில் இருந்தோர் இருவரே. இருவரும் ரசல் ஆராயத் தொடங்குமுன்னரே மறைந்தனர். கர்தினால் அம்மொழியை எவ்வளவு பேசினார் என்பதனை இனி எவரும் நிறுவ இயலாது. அவர்பொருட்டு எழுதப்பெற்ற ஏடோ இன்றும் படிக்கத்தக்கதாய் உள்ளது. பேசியவர் புகழ் ஐயத்திற்கு உரியதாயிற்று. எழுதியவர் பணி ஐயத்திற்கு அப்பாற்பட்டு நின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. மெசோபாந்தியின் பன்மொழியறிவு, நாடிழந்த துறவியரும் காயமுற்ற வீரரும் வந்து நிறைந்த ஒரு நகரின் சூழலில், குருப்பணியின் தேவையாற் பிறந்தது. அவ்வறிவை அளக்குங்கால் எண்ணைக் காட்டிலும் தரமும், தரத்தைக் காட்டிலும் சான்றும் முதன்மையுடையன. இதற்கு ரசலின் ஐவகைப் பாகுபாடு நல்ல முன்மாதிரி. மொழியறிவு பிறர் கைக்குச் செல்ல வேண்டுமாயின் அது எழுத்திற் பதிதல் வேண்டும். அதனை எழுதத் தகுதியுடையார் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டாரே.

ஒருவரைப் பன்மொழிப் புலவர் எனப் பாராட்டுங்கால், எந்த மொழியில் எந்த அளவு என்று உடன் வினவுதல் அவரைக் குறைப்பதாகாது. உண்மையான சிறப்பைப் பொய்ச்சிறப்பினின்று பிரித்துக் காப்பதே ஆகும். நம் மலைநாட்டு மக்களின் மொழிகளை ஆராயப் புகும் மாணவர்க்கு இவ்வரலாறு மற்றொன்றையும் உணர்த்தும். அம்மொழிகளைத் தாம் பேசக் கற்றல் நன்று. அவற்றைப் பேசும் இளைஞரைத் தம் மொழியைத் தாமே எழுதுமாறு ஊக்குதல் அதனினும் நன்று. கர்தினால் மெசோபாந்தி பேசிய மொழிகள் எழுபத்திரண்டாயினும் முப்பதாயினும் ஆகுக. அவர் தூண்டுதலால் ஒரு மாணவர் எழுதிய அச்சில ஏடுகளே அவருடைய மொழிப்பணியுள் இன்றும் பயன்தருவன என்று யாம் கருதுகின்றோம்.